பெங்களூரில் ஜாகை

மத்தூர் என்றவுடன், "மைசூர்ச் சாலையில் வடைக்குப் பெயர்போன ஊர்தானே?" என்று கேட்கிறவர்கள் அநேகர். அந்த மத்தூர் வேறு. நம் மத்தூர் வேறு. நம்முடையது கிருஷ்ணகிரி ஜில்லாவில், போச்சம்பள்ளித் தாலுகாவில், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்தது. இங்கே வடை பிரமாதமில்லை, மாம்பழம் பிரமாதம். சித்திரை வைகாசியில் லாரி லாரியாக மாங்காய் ஏறிப் போகும். சமீப காலமாகப் போச்சம்பள்ளிப் பக்கத்தில் தொழிற்பேட்டையும் வந்து சேர்ந்ததால், விடியற்காலையில் வேலையாட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களும் நம் சாலைக்குப் பழக்கமாகிவிட்டன.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டணம் என்றால் எது? சர்க்கார் காரியங்களுக்குச் சென்னை. ஆனால் குழந்தைகளுக்கு நாலு இடம் காட்டவேண்டும், கல்யாணத்துக்கு நல்ல புடவை எடுக்கவேண்டும், பெரிய வைத்தியரைப் பார்க்கவேண்டும் என்றால் எல்லோர் கண்ணும் வடமேற்கே திரும்பும். சென்னைக்குள்ள தூரத்தில் ஏறத்தாழப் பாதியில் பெங்களூர் இருக்கிறது. கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று மாறிக்கொண்டே வரும் சாலையில் தமிழ் மெல்ல மெல்லக் கன்னடமாகிறது. எல்லைப்புறத்தவர்களாகிய நமக்கு அது அந்நிய பாஷையன்று. "எஷ்டு?" என்று விலை கேட்கவும், சொன்ன விலைக்குத் தலையை ஆட்டி மறுக்கவும் நம் வீட்டுப் பெண்மணிகள் நன்றாக அறிவார்கள்.

போவது எளிது. தங்குவதுதான் கஷ்டம். உத்தியோகஸ்தர் ஒருவர் தனியாகப் போனால் எந்த லாட்ஜிலும் ஒரு கட்டிலைப் பிடித்துப் படுத்துவிடலாம். குடும்பத்தோடு போகிறவனுக்கு அது முடியுமா? எங்கள் வீட்டில் ஆறு பேர். எழுபதைத் தாண்டிய தாயார், எங்களோடு வசிக்கும் தமக்கையார், நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் இருவர். தாயாருக்கு முழங்கால் வலி. பத்துப் படி ஏறினால் ஐந்து நிமிஷம் உட்காரவேண்டும். ஆயினும் லால்பாக்கின் கண்ணாடி மாளிகையை ஒரு தரம் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு வெகு நாளாக உண்டு. போன கோடை விடுமுறையில் இரண்டு இரவு தங்குவதென்று நிச்சயித்தோம். உபாத்தியாயர் வீட்டில் இப்படிப்பட்ட பிரயாணம் வருஷத்துக்கு ஒரு தரம் வாய்த்தாலே அதிகம். ஆகையால் பணம் வீணாகக்கூடாது. அதைவிட முக்கியமாக, தாயார் நாள் முழுவதும் அறைக்குள்ளே அடைபட்டுக் கிடக்கும்படி ஆகிவிடக்கூடாது.

முந்தைய தலைமுறைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. யாத்திரை போகிறவர்கள் கட்டுச்சாதத்தோடு புறப்பட்டுச் சத்திரத்துத் திண்ணையில் இடம் பிடித்துக் கொள்வார்கள். பெங்களூர் ரெயில் ஸ்டேஷனுக்கு அருகிலேயே குப்பி தோட்டதப்பா என்ற வர்த்தகர் பிரயாணிகளுக்காகத் தர்ம சத்திரம் ஏற்படுத்தினார். தர்மத்துக்காக மைசூர் மகாராஜாவிடம் பட்டம் பெற்றவர் அவர். சத்திரத்தில் தங்குகிறவன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இடம் இருக்கிறதா?" இன்று விடுதியைத் தேடுகிறவன் கேட்கவேண்டிய கேள்விகளோ பத்துக்குக் குறையா. அவற்றைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கூச்சத்துக்கும் சேர்த்து வாடகை கொடுக்கிறார்கள்.

முதலில் நம்மவர்கள் செய்யும் கணக்கைக் கவனிப்போம். கைப்பேசியில் விடுதிகளின் பட்டியலைத் திறந்து, குறைந்த வாடகையை மேலே வரும்படி வைத்து, முதலில் நிற்பதைப் பிடித்துக்கொள்வது பொது வழக்கம். இந்தக் கணக்கில் தூரம் சேரவில்லை.

உதாரணமாக இரண்டு விடுதிகளை வைத்துக்கொள்வோம். ஒன்று நகரத்தின் ஓரத்தில், மெட்ரோ ரெயில் எட்டாத இடத்தில், பார்க்கவேண்டிய இடங்களிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது. அறைக்கு நாள் ஒன்றுக்கு 1,100 ரூபாய். மற்றொன்று மெட்ரோ ஸ்டேஷனுக்கு அருகில். அறைக்கு 1,500 ரூபாய். ஆறு பேருக்கு இரண்டு அறை, இரண்டு இரவு. முதலாவதற்கு 4,400 ரூபாய். இரண்டாவதற்கு 6,000 ரூபாய். இதன்மேல் வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. அதையும் சேர்த்தால் முதலாவது 4,620, இரண்டாவது 6,300. வித்தியாசம் 1,680 ரூபாய். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் முதலாவதே லாபம்.

இனி வண்டிச் சத்தத்தைச் சேர்ப்போம். பெங்களூரில் 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ஆட்டோவுக்கு முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று விதித்தார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு 180 ரூபாய். ஓர் ஆட்டோவில் மூன்று பேர்தான் ஏறலாம். ஆகவே இரண்டு ஆட்டோ, 360 ரூபாய். போய் வர 720. சுற்றிப் பார்க்கும் இரண்டு நாளுக்கு 1,440. இது மீட்டர்படி ஓட்டுகிற புண்ணியவான் அகப்பட்டால்! மெட்ரோவிலோ குறைந்த கட்டணம் 10 ரூபாய். 2025 பிப்ரவரியில் திருத்திய விகிதப்படி மிகத் தொலைவுக்குங்கூட 90 ரூபாய்தான். நகரின் நடுப்பகுதிக்குள்ளே ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்தால், ஆறு பேர் போய் வர 240. இரண்டு நாளுக்கு 480. இப்பொழுது கூட்டினால் முதலாவது விடுதி 6,060, இரண்டாவது 6,780. இன்னமும் முதலாவதே 720 ரூபாய் மலிவு.

ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கணக்கு இங்கே முடிவதில்லை. காலை முழுதும் நடந்தவர்கள் மத்தியானம் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கவேண்டும். அதற்காக விடுதிக்கு ஒரு நடை வந்து போகவேண்டும். வண்டிச் செலவு இரட்டிக்கும். அப்பொழுது முதலாவது விடுதி 7,500 ரூபாய், இரண்டாவது 7,260. மலிவு என்று நினைத்தது 240 ரூபாய் அதிகமாகிவிட்டது! நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், அவ்வளவு தூரம் திரும்பி வருவதற்குச் சோம்பி, "அம்மா, நீங்கள் அறையிலேயே இருங்கள், நாங்கள் போய்வருகிறோம்" என்று சொல்லிவிடுவார்கள். பணம் மிச்சமாகும். அம்மா பெங்களூரில் பார்த்தது ஒரு மின்விசிறியும் நான்கு சுவரும் என்று ஆகும்.

ஆகையால் விடுதியைத் தேடுமுன், என்னென்ன பார்க்கப்போகிறோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டோம். தாயாருக்கு லால்பாக், தமக்கையாருக்குச் சிக்பேட்டைப் புடவைக் கடைகள், குழந்தைகளுக்குக் கஸ்தூரிபா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா தொழிற்கலைக் காட்சிசாலை, நமக்கு 1791-இல் கட்டி முடிந்த திப்பு சுல்தானின் வேனில் மாளிகை. மெட்ரோவின் பச்சை வழியைப் பார்த்தால் மெஜஸ்டிக், சிக்பேட்டை, கிருஷ்ணராஜ மார்க்கெட், நேஷனல் காலேஜ், லால்பாக், சவுத் எண்டு, ஜயநகர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வருகின்றன. திப்புவின் மாளிகை மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து தூரமில்லை. காட்சிசாலைக்கு மட்டும் மெஜஸ்டிக்கில் ஊதா வழிக்கு மாறிக் கப்பன் பார்க்கில் இறங்கவேண்டும். எழுதிய காகிதமே விடுதி இருக்கவேண்டிய இடத்தையும் சொல்லிவிட்டது. பச்சை வழியில் மெஜஸ்டிக்குக்கும் ஜயநகருக்கும் நடுவே எங்காவது இருந்தால் போதும்.

மெஜஸ்டிக்கை அடுத்த காந்திநகரில் விடுதிகள் ஏராளம். பஸ் நிலையமும் ரெயில் ஸ்டேஷனும் எதிரெதிரே இருப்பதால் எந்நேரமும் ஜன நடமாட்டம். அங்கே தங்குவதில் உள்ள சௌகரியமும் அதுவே, அசௌகரியமும் அதுவே. அங்கே அறை எடுப்பவர்கள் சாலையைப் பார்த்த அறை வேண்டாம், பின்புறத்து அறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். பசவன்குடி, ஜயநகர்ப் பக்கங்களில் விடுதிகள் குறைவு. ஆனால் மரநிழலும் அமைதியும் உண்டு. காலையில் இட்லி காப்பிக்கு நாலடி நடந்தால் போதும். வெறும் படுக்கைக்காக மட்டும் என்றால் காந்திநகர். பெரியவர்களோடு என்றால் தெற்கே என்பது நமது அபிப்பிராயம்.

சாப்பாட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். படுக்கும் இடம் லாட்ஜ். பட்டணத்திலோ ஒரே கட்டடம் இரண்டுமாக இருக்கும். "காலைச் சிற்றுண்டி சேர்த்து வாடகை" என்று சொல்லும் இடங்களில், அது அறைக்கு எத்தனை பேருக்கு என்று கேட்கவேண்டும். அநேகமாக இருவருக்குத்தான் இருக்கும். மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணம். ரஸீதில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தால் அது வரியன்று. அதைத் தானாகச் சேர்த்து வசூலிக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் எடுத்துவிடும்படி மரியாதையாகச் சொல்லலாம்.

இடம் தீர்மானமானபின் நாலு விடுதிகளுக்கு டெலிபோன் செய்தோம். பட்டியலில் உள்ள படங்களை மட்டும் நம்புவது, ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் நிச்சயிப்பது போன்றது. படத்தில் அறை விசாலமாகத்தான் இருக்கும். தங்கிப் போனவர்களின் அபிப்பிராயங்களில் புகழ்ச்சியை விட்டுவிட்டுக் குறை சொன்னவர்களுடையதை முதலில் படிக்கவேண்டும். ஒருவர் ஒரு குறையைச் சொன்னால் அவருடைய அதிர்ஷ்டம். ஐந்து பேர் ஒரே குறையைச் சொன்னால் விடுதியின் லட்சணம்.

டெலிபோனில் கேட்டவற்றை நேயர்களின் உபயோகத்துக்காகச் சொல்லுகிறோம். லிப்ட் உண்டா? இல்லையென்றால் கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ அறை கிடைக்குமா? ஸ்நான அறையில் வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில் மட்டுமா? கழிவறை நாற்காலி மாதிரியா, நம் நாட்டு மாதிரியா? முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இரண்டு அறைகளும் அடுத்தடுத்து இருக்குமா? மூன்றாம் பேருக்குக் கட்டிலா, தரையில் மெத்தையா, அதற்கு எவ்வளவு? சொன்ன வாடகை வரி சேர்ந்ததா, சேராததா? வண்டி நிறுத்த இடம் உண்டா?

நாள் கணக்கையும் கேட்கவேண்டும். சில விடுதிகளில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். சிலவற்றில் எப்பொழுது வந்தாலும் பகல் 12 மணிக்கு நாள் முடிந்துவிடும். விடியற்காலையில் மத்தூரில் பஸ் ஏறிய குடும்பம் ஒன்பது பத்து மணிக்குப் பெங்களூர் போய்ச் சேர்ந்து, "பன்னிரண்டு மணிக்குத்தான் அறை" என்ற பதிலோடு பெட்டி படுக்கைகளைக் காத்துக்கொண்டு வாசலில் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டு மணிக் கணக்கு விடுதியானால், சாமான்களை மட்டும் முன்னதாக வைத்துவிட்டு வெளியே போகலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.

இன்னொரு கேள்வியைக் கேட்கப் பலரும் தயங்குவார்கள்: "தீ விபத்து நேர்ந்தால் வெளியேற இரண்டாவது படிக்கட்டு உண்டா?" இது அபசகுனமான கேள்வியன்று. 2025 ஏப்ரல் 29 இரவு கல்கத்தாவின் பராபஜார்ப் பகுதியில் ஒரு விடுதியில் தீப்பற்றி 14 பேர் மாண்டார்கள். அதில் எங்கள் தேவைகளுக்குத் தங்கியிருந்தவர்களைப் போன்ற வெளியூர்ப் பிரயாணிகளும், ஏன், தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பத்தவர்களும் இருந்தார்கள். சாவியை வாங்கியவுடன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு படிக்கட்டு எங்கே இருக்கிறது, கதவு பூட்டாமல் திறந்திருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுவது இரண்டு நிமிஷ வேலை. ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி அடித்து, ஒரே குறுகிய படிக்கட்டோடு இருக்கும் கட்டடத்தில் வாடகை எவ்வளவு குறைவாயினும் குடும்பத்தோடு தங்கலாகாது.

நாம் டெலிபோன் செய்த நான்கில், ஒன்றின் குமாஸ்தா மூன்றாவது கேள்விக்கே, "வந்து பார்த்துக்கொள்ளுங்கள், சார்" என்று வைத்துவிட்டார். ஒருவர் எல்லாவற்றுக்கும் "உண்டு, உண்டு" என்றார். லிப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டதும் லிப்ட் பழுதில் இருப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் நேர்மையாக, "வெந்நீர் ஒன்பது மணி வரைதான், லிப்ட் கிடையாது, ஆனால் கீழ்த்தளத்தில் இரண்டு அறை எதிரெதிரே தருகிறேன்" என்றார். இல்லாததை இல்லையென்று சொன்னவரிடமே அறை எடுத்தோம். பட்டியலில் கண்ட வாடகையைச் சொல்லி, நேரே எடுத்தால் என்ன விலை என்று கேட்டதற்குச் சிறிது குறைத்தும் கொடுத்தார். தேதி மாறினால் முன்பணம் திரும்புமா என்பதைக் கைப்பேசியில் எழுத்தாகவும் வாங்கிக்கொண்டோம்.

தேதியிலும் லாப நஷ்டம் உண்டு. குடியரசு தினத்தையும் சுதந்தர தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். காட்சி கண்கொள்ளாதது, கூட்டமும் அப்படியே. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்து, சனி ஞாயிறு அல்லாத நாட்களில் போனால் இடமும் கிடைக்கும், வாடகையும் தணிந்திருக்கும்.

போய்ச் சேரும் வழி இப்பொழுது வெகுவாக மாறிவிட்டது. முன்பெல்லாம் ஓசூரிலிருந்து நகருக்குள் நுழைவதற்குள் சில்க் போர்டு சந்திப்பில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வந்த நேரத்தை அங்கேயே கழிக்கவேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழி பொம்மசந்திராவிலிருந்து ஆர். வி. ரோடு வரை திறக்கப்பட்டது. ஓசூர்ச் சாலையிலேயே பொம்மசந்திராவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மெட்ரோ ஏறி, ஆர். வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறினால் மூன்றாவது ஸ்டேஷன் லால்பாக். ஸ்டேஷன்களில் லிப்ட் இருக்கிறது. தாயார் ஒரு படிகூட ஏறவில்லை. உயரத்தில் ஓடும் வண்டியிலிருந்து கீழே நிற்கும் வாகன வரிசையைப் பார்த்து, "பாவம், இவர்களெல்லாம் எப்பொழுது வீடு போய்ச் சேருவார்கள்?" என்று இரக்கப்பட்டார்கள்.

பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. நம் ராஜ்யத்தில் டவுன் பஸ்ஸில் கட்டணமின்றிப் போய்ப் பழகியவர்கள் அங்கேயும் அப்படியே என்று எண்ணிவிடலாகாது. கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய இலவசப் பிரயாணம் அந்த ராஜ்யத்தில் வசிக்கும் பெண்களுக்கே உரியது. நாம் டிக்கெட் வாங்கவேண்டும்.

விடுதியில் பெயர் பதியும்போது அடையாளச் சீட்டுக் கேட்பார்கள். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று கொண்டு போவது அவசியம். ஆதார் எண் முழுவதையும் பலர் கையில் கொடுக்க விரும்பாதவர்கள், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படியான ஆதார்ப் பிரதியையோ, ஓட்டர் அட்டையையோ காட்டலாம்.

லால்பாக்குக்குக் காலை வேளையிலேயே போனோம். 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, மகன் திப்பு வளர்த்த தோட்டம் அது. மேற்கு வாசல் ஸ்டேஷனுக்கு அருகிலேயே இருக்கிறது. 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையின் எதிரே ஒரு பெஞ்சில் தாயார் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் மரங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு ஓடினார்கள். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பினோம். தாயார் படுத்து எழுந்து, சாயங்காலம் தாமாகவே, "சிக்பேட்டைக்கு நானும் வருகிறேன்" என்றார்கள். வாடகையில் நாம் அதிகமாகக் கொடுத்த ரூபாய்க்கு அந்த ஒரு வாக்கியமே ரஸீது.

ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். தங்கிய விடுதியின் பெயர், டெலிபோன் நம்பர், கொடுத்த வாடகை, படிகளின் எண்ணிக்கை, வெந்நீர் வரும் நேரம், கண்ட குறை ஆகியவற்றை எழுதி வைத்தோம். சக ஆசிரியர்கள் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என்று தாங்கள் தங்கிய இடங்களையும் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். சத்திரம் கட்டி வைக்கும் சக்தி உபாத்தியாயர்களுக்கு இல்லை. நல்ல ஜாகை எங்கே இருக்கிறது என்று அடுத்த குடும்பத்துக்கு எழுதி வைக்கலாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் உண்மையும் இருந்தால் போதும்.